“பாலிசியா, எல்.ஐ.சி.யிலா?”

கேள்வி:

வணக்கம் மேடம். நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முதலாண்டு முடித்திருக்கிறேன். இந்த மே மாதம் எட்டு வாரப் பயிற்சிக்குப் போக வேண்டும். தோழிகள் எல்லாம் ஆஸ்பத்திரி, கம்பெனி என்று இடம் பிடித்துவிட்டார்கள். என்னை எங்கள் பேராசிரியை, மூத்த குடிமக்கள் சங்கங்கள் சில சேர்ந்து நடத்தும் ஒரு அமைப்புக்கு அனுப்புகிறார். ‘முதியோருக்கு உகந்த ஊர்’ என்ற தலைப்பில் பாலிசி அட்வகசி வேலையாம். அப்பாவிடம் சொன்னேன். “பாலிசியா, எல்.ஐ.சி.யிலா?” என்று கேட்டார். உதவித்தொகை கிடையாது என்றதும் பேச்சே நின்றுவிட்டது.

போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். உறுப்பினர்கள் பெரும்பாலும் ரிட்டயர்டு அதிகாரிகள். ஒருவர் இரண்டு மனுக்களைக் கையில் கொடுத்து டைப் அடித்துத் தரச் சொன்னார். இதுதான் வேலையா? போன செமஸ்டரில் முதியோர் இல்லத்தில் களப்பணி செய்தபோது தாத்தா பாட்டிகளோடு உட்கார்ந்து பேசியது நிறைவாக இருந்தது. இங்கே யாருக்கு என்ன செய்யப் போகிறேன் என்றே புரியவில்லை. எனக்கு ஆங்கிலமும் சரளமாக வராது. வேறு இடம் கேட்கலாமா?

என் ஆச்சிக்கு 74 வயது. எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறி வரும் நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார். “பஸ் ஸ்டாண்டுல எங்க போறது” என்பார். அவரை மாதிரி ஆட்களுக்கு இதனால் ஏதாவது நடக்குமா?

— ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்:

போங்கள். வேறு இடம் கேட்க வேண்டாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், எட்டு வாரத்துக்கான வேலையை நீங்களே கடிதத்தின் கடைசியில் எழுதிவிட்டீர்கள். ஏதோ நினைவுக்கு வந்ததைப் போல ஆச்சியைச் சேர்த்திருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்திலேயே முக்கியமான இடம் அதுதான். ஆச்சி தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறுவதை வீட்டில் அவருடைய பிடிவாதம் என்று நினைத்திருப்பீர்கள். 74 வயதுப் பெண் மே மாத வெயிலில் பாதி நாள் தண்ணீர் இல்லாமல் இருப்பது, யாரோ ஒருவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட, முடிவின் விளைவு. அந்த முடிவு எந்த மேசையில் இருக்கிறது என்று தேடிப் போவதைத்தான் ‘பாலிசி அட்வகசி’ என்கிறார்கள். பெயர்தான் பெரிது.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நகராட்சியில் (ஊர் பெயர் வேண்டாம்) என்னிடம் களப்பணிக்கு வந்த இரண்டு மாணவிகளைப் பஸ் ஸ்டாண்டில் மூன்று நாள் உட்கார வைத்தேன். கழிப்பறைக்குள் யார் போகிறார்கள், யார் வாசல் வரை போய்த் திரும்புகிறார்கள் என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். வயதான பெண்கள் பலர் வாசலிலேயே திரும்பினார்கள். சிலருக்கு வாசலில் இருந்த மூன்று படி ஏற முடியவில்லை. சிலர் காசு கேட்டதும் நகர்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் உள்ளே போகவே பயந்தவர்களும் இருந்தார்கள். மேல்நாட்டு வகைக் கழிப்பறை ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பூட்டியிருந்தது. உள்ளே துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும். சாவி குத்தகைக்காரர் வீட்டில்.

மாணவிகள் உடனே கலெக்டருக்கு மனு எழுதலாம் என்றார்கள். நான் பொறுக்கச் சொன்னேன். பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது, பஸ் ஸ்டாண்டு நகராட்சியுடையது. கழிப்பறையோ ஏலத்தில் எடுத்தவர் கையில் இருக்கிறது. அவருக்கும் நகராட்சிக்கும் நடுவே ஒரு குத்தகை ஒப்பந்தம் உண்டு. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் ஆச்சிகளைப் பொறுத்தவரை அரசின் கொள்கை! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டோம். வந்தது. கட்டணம், அபராதம், வைப்புத்தொகை எல்லாம் விவரமாக இருந்தன. படி, கைப்பிடி, பூட்டு பற்றி ஒரு வரியும் இல்லை. குத்தகைக்காரரை எப்படித் திட்டுவது?

அடுத்த ஏலத்துக்கான நிபந்தனைகளில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டோம்: சாய்தளமும் கைப்பிடியும் வேண்டும், மேல்நாட்டு வகைக் கழிப்பறை எல்லா நேரமும் திறந்திருக்க வேண்டும். இரண்டு வரி ஏற 14 மாதம் ஆயிற்று. அந்த மாணவிகள் அதற்குள் படிப்பு முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். ஏல அறிவிப்பை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒருத்தி மட்டும் பதில் போட்டாள், “மேடம், கைப்பிடி எந்தப் பக்கம்னு எழுதலையே” என்று. சரியான கேள்விதான்.

முதியோர் இல்லத்தில் கிடைத்த நிறைவு இங்கே கிடைக்குமா என்றால், அதே வகையில் கிடைக்காது. அங்கே ஒரு பாட்டிக்குத் தலை வாரிவிட்டால் அவர் முகத்தில் தெரியும். இங்கே பலன் தெரிகிற நேரத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். தெரியாமல் போகிறவர்கள் நாலாவது வாரத்தில் முகம் வாடி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ரிட்டயர்டு அதிகாரிகள் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில், டைப் அடித்துக் கொடுங்கள். முதல் வாரம் மட்டும். ஓய்வு பெற்ற தாசில்தாருக்கும் நகராட்சி மேலாளருக்கும் தெரிந்த ஒன்று உங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை: ஒரு கோப்பு எங்கே தூங்கும், எழுப்ப யாரிடம் போக வேண்டும் என்பது. மனுவை டைப் அடிக்கும்போதே “சார், இது ஏன் கமிஷனருக்கு, ஏன் கலெக்டருக்கு இல்லை?” என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் உற்சாகமாகச் சொல்லித் தருவார்கள். வீட்டில் அவர்களிடம் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? இரண்டாவது வாரமும் டைப்பிங் மட்டும்தான் என்றால் பேராசிரியையிடம் சொல்லிவிடுங்கள். டீ வாங்கி வரச் சொன்னால் ஒரு தடவை போகலாம், மூன்றாவது தடவை போக வேண்டாம்.

ஆனால் அவர்களுடைய மனுக்களில் என்ன இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஓய்வூதிய நிலுவை, மருத்துவக் காப்பீடு, 2020 மார்ச்சில் நின்றுபோன ரயில் கட்டணச் சலுகை. எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான். ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த சலுகை போனால் கோபம் வராதா? ஆனால் இவை ஓய்வூதியம் வாங்குகிறவர்களின், முன்பதிவு செய்து ஊருக்குப் போகிறவர்களின் கோரிக்கைகள். சங்கத்துக்கு வராத முதியவர்கள் ஊரில் எத்தனை பேர்! மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர், 70 வயதில் கீரைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், மகன் வீட்டில் மாடிப் படிக்கட்டுக்குக் கீழே கட்டில் போட்டிருப்பவர். அவர்கள் சங்கத்தில் சந்தா கட்டுவதில்லை.

இதில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சங்கத்தில் கட்டாயம் ஒருவர் “நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்” என்பார். சரியான கோரிக்கை போலத்தான் இருக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் (கட்சி இல்லை, சாலைப் பொறியாளர்களின் அமைப்பு) வடிவமைப்பு வழிகாட்டியே, நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்பின் உயரம் 150 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறது. போய் அளந்து பாருங்கள், பல இடங்களில் நடைபாதை முழங்கால் உயரத்தில் இருக்கும். ஆனால் அந்த நடைபாதையில் உட்கார்ந்து கீரை விற்கிறவருக்கும் 70 வயது. ஒரு முதியவர் நடப்பதற்காக இன்னொரு முதியவரின் பிழைப்பை எடுப்பதா? எனக்குத் தெரிந்து இதற்கு சுலபமான பதில் கிடையாது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு என்று ஒன்றை அமைக்கச் சொல்கிறது, அதில் 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். அந்தக் குழு உங்கள் ஊரில் கூடுகிறதா என்று விசாரித்து, சங்கத்துப் பெரியவர் ஒருவரையும் கீரைக்கார அம்மா ஒருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பேசவிட முடிந்தால், அந்த எட்டு வாரத்தில் நீங்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்பேன். ஒரு தடவை முயன்றேன். பெரியவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அவரே வந்து, கூடைக்காரர்களுக்கு நிழல் உள்ள இடம் எது என்று கைப்பட வரைந்த ஒரு வரைபடம் கொண்டுவந்தார். மனிதர்கள் அப்படித்தான்.

‘முதியோருக்கு உகந்த ஊர்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஒரு கையேடு வெளியிட்டது. வெளியிடங்களும் கட்டடங்களும், போக்குவரத்து, வீடு, சமூகத்தில் பங்கு, மதிப்பு, வேலையும் குடிமைப் பங்களிப்பும், தகவல், மருத்துவமும் ஆதரவுச் சேவைகளும் என்று எட்டுத் தலைப்புகள். தேர்வுக்கு மனப்பாடம் செய்வது இந்த எட்டைத்தான். எனக்குப் பிடித்தது அதை எப்படித் தயாரித்தார்கள் என்பது. 33 நகரங்களில், நம் நாட்டில் புது தில்லியிலும் உதய்பூரிலும், ஏறத்தாழ 1,500 முதியவர்களைக் கூட்டமாக உட்கார வைத்து “உங்கள் ஊரில் எது சௌகரியம், எது கஷ்டம்?” என்று கேட்டிருக்கிறார்கள். நீங்களும் எட்டுத் தலைப்பையும் எட்டு வாரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். மாணவர்கள் செய்கிற பெரிய தவறு அது. 300 பேரிடம் கேள்வித்தாள், வண்ணப் படங்கள், 90 பக்க அறிக்கை, கடைசியில் “அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்று 22 பரிந்துரைகள். அந்த அறிக்கையை யார் படிப்பார்? ஒன்றை எடுங்கள். கழிப்பறை வேண்டுமா, கழிப்பறை. சிக்னல் வேண்டுமா, சிக்னல்.

சிக்னல் என்றதும் நினைவுக்கு வருகிறது, இது செலவே இல்லாத வேலை. சாலையைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடும்போது ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகப் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். 15 மீட்டர் சாலைக்கு 12, 13 நொடி போதும் என்று ஆகிவிடும். கைத்தடியோடு நடக்கிறவர் 0.8 மீட்டர் நடந்தாலே அதிகம். அவருக்கு 19 நொடி வேண்டும். செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் ஒரு சிக்னலில் 30 பேர் கடப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் காவல் அதிகாரியைப் போய்ப் பாருங்கள். கடக்கிறவர் நடுவில் மாட்டிக்கொள்வதை அவர் தினமும் பார்க்கிறவர்தான். கையில் எண் இல்லாததால் மேலே எழுதவில்லை என்றே சொல்வார். எண்ணை நீங்கள் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எந்தத் துறை என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை போகும். முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறையில், தனி தாசில்தாரிடம். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் சமூக நலத் துறையில். ஆனால் அதில் மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் கோட்டாட்சியர். ரேஷன் உணவுத் துறை, வீடு தேடி வரும் மருத்துவம் சுகாதாரத் துறை. சாலை மாநகராட்சியுடையதா, மாநில நெடுஞ்சாலையா, தேசிய நெடுஞ்சாலையா என்பது அந்தச் சாலைக்கே தெரியாது. ஒரு வயதான உடம்பை ஆறேழு துறைகள் பங்கு போட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை நடக்கும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்று வெளியிடும். அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். சமூக நலத் துறையுடையதையும் வருவாய்த் துறையுடையதையும் இறக்கி, ‘முதியோர்’ என்று வரும் பக்கங்களை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்குப் பகல்நேர மையங்களாக 25 ‘அன்புச்சோலை’கள் அறிவித்தார்கள். அப்படி ஒன்று உங்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். யார் வருகிறார்கள் என்பதைவிட, யாரால் வர முடியவில்லை, எப்படி வந்து சேர வேண்டும் என்று பாருங்கள்.

ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே மனு தமிழில்தான் போகும். 1956 முதல் ஆட்சிமொழி தமிழ். அரசாணைகள் பலவும் கிராம சபைத் தீர்மானமும் தமிழில்தான் இருக்கின்றன. உண்மையில் எனக்கு ஆங்கில மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. “மேற்படி பொருள் தொடர்பாக” என்று ஆரம்பிக்கும் ஒரு கடிதத்தை அவர்களால் படித்து முடிக்க முடியவில்லை.

எங்கே பேசுவது? திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள் எல்லோருக்கும் தெரியும். கிராமம் என்றால் மே 1 கிராம சபை. உங்கள் பயிற்சி தொடங்குகிற நேரத்துக்கே வருகிறது. மாநகராட்சிப் பகுதி என்றால், வார்டுக்குள் பகுதி மக்கள் கூடும், 2022இல் வந்த ஏரியா சபை. கவுன்சிலரை ஒதுக்காதீர்கள். படித்த பிள்ளைகளுக்குக் கவுன்சிலர் என்றால் ஒரு இளக்காரம் இருக்கிறது. ஒரு வார்டில் பழுதான சாய்தளத்தை அடுத்த மாதம் சரிசெய்ய வைக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். தகவல் உரிமை மனு போடுவதாக இருந்தால் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம், உங்களிடம் இருப்பது 56 நாள்.

எல்லா இடத்திலும் நீங்களே பேசாதீர்கள். “இந்த அம்மா சொல்வதைக் கேளுங்கள் சார்” என்று நகர்ந்து நில்லுங்கள். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024இல் ஓட ஆரம்பித்ததற்குப் பின்னால் மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்களின் பல வருட நீதிமன்றப் போராட்டம் இருக்கிறது. ஏறும் தளம் 900 மி.மீ. இருக்கலாமா, 400 மி.மீ. இருக்க வேண்டுமா என்பதுதான் அங்கே வழக்கு. தங்கள் உடம்பால் அந்த உயரத்தை அறிந்தவர்கள் கேட்டதால்தான் அந்த வழக்குக்கு வலு கிடைத்தது. இன்று அந்தப் பேருந்துகளில் முழங்கால் வலிக்காரப் பாட்டிகளும் ஏறுகிறார்கள். முதியோர் சங்கங்களும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் ஒன்றாக உட்காராமல் இருப்பது எனக்குப் புரியாத ஒன்று. உங்கள் அமைப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. இது நான் செய்த தவறு. எனக்கு 23 வயது இருக்கும்போது முதியோர் உதவித்தொகை பற்றிக் கணக்கெடுக்க ஒரு கிராமத்துக்குப் போனேன். ஒரு பாட்டி எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “பென்ஷன் வாங்கித் தந்துருவியாம்மா?” என்று கேட்டார். “பார்க்கலாம் பாட்டி” என்று சொல்லிவிட்டேன். பேச்சுக்குச் சொன்னது. நான்கு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது அவர் என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய் ரேஷன் கார்டு ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு அவரை அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனேன், அது வேறு கதை. கணக்கெடுக்கப் போகும்போது நீங்கள் மாணவி, இது படிப்புக்காக, உதவித்தொகை என் கையில் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே உடனடியாக உதவக்கூடிய ஒன்றைக் கையில் வைத்திருங்கள். முதியோர் உதவி எண் 14567. ரேஷன் கடைக்குப் போக முடியாதவர் வேறொருவரை அனுப்புவதற்கான அங்கீகாரப் படிவம் எங்கே கிடைக்கும் என்ற விவரம். பிள்ளைகள் கைவிட்டவர்களுக்கு, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் வக்கீல் இல்லாமலே கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம் என்ற செய்தி. ஆனால் இதைச் சொல்லும்போது மகனோ மருமகளோ பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன பிறகும் அவர் அந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும்.

காசு விஷயம். உதவித்தொகை இல்லாத பயிற்சி நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் சும்மா வேலை செய்ய முடியும். ஆனால் தில்லியில் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் கூடச் சம்பளமில்லாமல்தான் பயிற்சிக்கு எடுக்கிறது, நம் ஊர்ச் சங்கத்தை மட்டும் குறை சொல்வானேன். சம்பளம் கேட்க முடியாவிட்டாலும் களத்துக்குப் போகிற நாட்களில் பஸ் செலவும் சாப்பாடும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். அவர்கள் அரசாங்கத்தில் இருந்தபோது பயணப்படி வாங்கியவர்கள், புரிந்துகொள்வார்கள். நேரம், வேலை, செலவு, யார் மேற்பார்வை என்பதை ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஆறு மணிக்கு மேல் தனியாக வீடு வீடாகப் போகச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள்.

வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்பார். ‘பாலிசி’ என்ற பெயரில் நேரடியாக வேலை நம் ஊர்களில் குறைவு. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அரசாணையைப் படிக்கத் தெரிந்த, ஒரு பக்கத்தில் மனு எழுதத் தெரிந்த சமூகப் பணியாளரை ஆஸ்பத்திரியும் எடுக்கும், தொண்டு நிறுவனமும் எடுக்கும், கம்பெனியும் எடுக்கும். 2011இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031இல் அது 18 ஆகும் என்பது அரசே போட்ட கணிப்பு. சென்னை கிண்டியில் 200 படுக்கையோடு முதியோருக்கென்று தேசிய மையமே வந்துவிட்டது. இந்தத் துறையில் ஆள் தேவைப்படப் போகிறது. அப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: எல்.ஐ.சி. பாலிசி உங்களுக்கு முதிர்வுத் தொகை தரும், அதை எடுக்கப் போக ஏறவேண்டிய படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்கச் சொல்வது என் பாலிசி என்று. சிரித்துவிட்டால் பஸ் பாஸுக்குக் காசு தந்துவிடுவார்.

எட்டாவது வாரத்தில் அறிக்கை எழுதும்போது இரண்டு எழுதுங்கள். கல்லூரிக்கு ஒன்று, அது எப்படியும் எழுத வேண்டும். இன்னொன்று, அடுத்த வருடம் உங்கள் இடத்துக்கு வரப்போகும் மாணவிக்கு மூன்று பக்கம். எந்த மனு யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தது, ஒப்புகை எங்கே இருக்கிறது, எந்த அதிகாரி காது கொடுத்துக் கேட்டார், எந்தக் கிளார்க்கை மதியம் மூன்று மணிக்கு மேல் பார்க்கக் கூடாது. இந்த மூன்று பக்கம் இல்லாததால்தான் ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு பிள்ளை வந்து அதே பஸ் ஸ்டாண்டில் அதே கழிப்பறையை எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஆச்சி அடுத்த தடவை வரும்போது அவரோடு நீங்களும் அவர் ஊரிலிருந்தே பஸ்ஸில் வாருங்கள். ஏறும் இடம், மாறும் இடம், இறங்கும் இடம் மூன்றிலும் கழிப்பறை வரை நடந்து பார்த்து, எத்தனை படி, எவ்வளவு காசு, சாவி யாரிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆச்சியை அன்றைக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.